'ஃபிளாஷ்' சறுக்கியது, 'எலமென்டல்' எழுந்தது: ஹாலிவுட்டின் வசூல் கணிப்பு எங்கே தப்புகிறது?

2023 ஜூன் 16, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் ஒரே நாளில் இரண்டு பெரிய படங்கள் ரிலீஸ். ஒன்று, டிசி காமிக்ஸின் சூப்பர் ஹீரோ படம் 'தி ஃபிளாஷ்'. இன்னொன்று, பிக்ஸாரின் அனிமேஷன் படம் 'எலமென்டல்'. இரண்டின் பட்ஜெட்டும் 20 கோடி டாலர் அளவில்தான்.

முதல் மூன்று நாள் வசூல்: ஃபிளாஷ் 5.5 கோடி டாலர், எலமென்டல் 2.96 கோடி டாலர். (இந்தக் கட்டுரையில் வரும் வசூல் எல்லாம் அமெரிக்கா, கனடா சேர்ந்த கணக்கு. உலக வசூல் என்றால் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.)

திங்கட்கிழமை வந்த செய்திகளில் இரண்டு படங்களுக்குமே அடிதான். அதிலும் எலமென்டலுக்குக் கொஞ்சம் பலமான அடி. ஆனால் தியேட்டர் ஓட்டம் முடிந்தபோது ஃபிளாஷ் 10.8 கோடியில் நின்றது. எலமென்டல் 15.4 கோடி. உலக வசூலில் வித்தியாசம் இன்னும் பெரிசு: ஃபிளாஷ் 27 கோடி அளவில், எலமென்டல் கிட்டத்தட்ட 50 கோடி.

முதல் மூன்று நாளில் பாதி வசூல் மட்டுமே பார்த்த படம், ஜூலை முடிவதற்குள் எதிராளியைத் தாண்டிப் போய்விட்டது. இத்தனைக்கும் ஹாலிவுட்டில் வசூலைக் கணிப்பது பல வருஷத் தொழில். சர்வே கம்பெனிகள், டேட்டா நிபுணர்கள், ஆய்வுக் கட்டுரைகள்னு ஒரு படையே இருக்கு. அப்புறமும் ஏன் இப்படி?

ஏனென்றால் 'இந்தப் படம் ஓடுமா?' என்பது ஒரு கேள்வி மாதிரி தெரிந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் மூன்று நாள் எவ்வளவு வரும்? அதற்குப் பிறகு எவ்வளவு வரும்? முதலாவதைக் கணிக்கக் கருவிகள் இருக்கு. இரண்டாவதுக்கு, படம் திரைக்கு வரும்வரை உருப்படியாக எதுவும் இல்லை.

மூணு வாரம் முன்னாடியே ஜாதகம்

முதல் கேள்விக்கான கருவியின் பெயர் 'டிராக்கிங்'. 1978-ல் தொடங்கிய நேஷனல் ரிசர்ச் குரூப் போன்ற கம்பெனிகள் இதைச் செய்கின்றன. ரிலீஸுக்கு மூன்று, நான்கு வாரம் இருக்கும்போது சினிமா பார்க்கிற ஆட்களிடம் சர்வே எடுப்பார்கள். அடிப்படையில் சில கேள்விகள்தான். அடுத்து என்னென்ன படம் வருதுன்னு தெரியும்? இந்தப் படம் வருவது தெரியுமா? தெரிந்தால், நிச்சயமாகப் போவீர்களா? வருகிற படங்களில் உங்கள் முதல் சாய்ஸ் எது?

முதல் இரண்டு கேள்விக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நாம் பெயரைச் சொன்ன பிறகு 'ஆமா, தெரியும்' என்பது விளம்பரத்தின் வேலை. பெயரே சொல்லாமல் அவராகவே சொன்னால்தான் அந்தப் படம் மனசில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பேட்மேன், சூப்பர்மேன் வகையறாவை எல்லாருக்கும் தெரியும் என்பதால், சூப்பர் ஹீரோ படங்களுக்குப் பெயர் சொல்லிக் கேட்கும் கேள்வி பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்காது.

பதில்களை ஆண், பெண், 25 வயதுக்குக் கீழ், மேல் என்று நான்கு கட்டமாகப் பிரிப்பார்கள். ஹாலிவுட்டில் ஒரு படத்தை 'நாலு கட்டத்துக்கான படம்' என்று சொன்னால் அது குடும்பத்தோடு, எல்லா வயதினரும் வருகிற படம். பிறகு, இதே மாதிரி எண்கள் வாங்கிய பழைய படங்களை எடுத்து வைத்து, அவை எவ்வளவு வசூலித்தன என்று பார்த்து ஒரு கணிப்பு சொல்வார்கள். வீடு விலை சொல்லும் புரோக்கர், பக்கத்துத் தெருவில் போன மாதம் விற்ற வீட்டைக் காட்டுவார் இல்லையா? அதே டெக்னிக்தான்.

சிக்கலும் அங்கேதான். பக்கத்துத் தெரு வீடு சரியான ஒப்பீடா என்பதை யார் முடிவு செய்வது?

ஒரே கோடை, ரெண்டு மல்டிவெர்ஸ்

ஃபிளாஷுக்கு இரண்டு வாரம் முன்பு, 2023 ஜூன் 2-ல் வந்தது 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்'. நம்ம ஊரிலும் தமிழ் உட்பட 10 மொழிகளில் வெளியான படம், இந்திய ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகர் வருவாரே, அதுதான். விசேஷம் என்னவென்றால், இரண்டு படமுமே பல பிரபஞ்சங்களுக்குள் தாவுகிற மல்டிவெர்ஸ் கதை. இரண்டிலும் காமிக்ஸ் ஹீரோ, இரண்டும் ஜூன் ரிலீஸ். ஒரே பரிசோதனையை இரண்டு குழாயில் செய்து பார்த்த மாதிரி.

டிராக்கிங் சொன்ன ஆரம்பக் கணிப்பு: ஸ்பைடர்வெர்ஸுக்கு 8 கோடிக்கு மேல், ஃபிளாஷுக்கு 7 கோடிக்கு மேல். வந்தது: ஸ்பைடர்வெர்ஸ் 12 கோடி, ஃபிளாஷ் 5.5 கோடி. ஒன்று 50% கூடுதல், இன்னொன்று 20%-க்கு மேல் குறைவு. அதே கருவி, அதே மாதம்.

ஸ்பைடர்வெர்ஸை ஏன் குறைத்து எடை போட்டார்கள் என்பது ஓரளவு புரிகிறது. இதன் முதல் பாகம் 2018 டிசம்பரில் வந்தபோது ஓப்பனிங் 3.5 கோடிதான். ஆனால் அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது. பிறகு நாலரை வருஷம் டிவியிலும் ஓடிடியிலும் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ரசிகர் கூட்டம் தியேட்டருக்கு வெளியே வளர்ந்தது. பழைய ஓப்பனிங் எண்ணை ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களின் கணக்கில் அந்தக் கூட்டம் வரவே இல்லை.

இதில் ஸ்டூடியோவின் தந்திரமும் கொஞ்சம் உண்டு. கணிப்பு எண் வெளியே போகும்போது ஸ்டூடியோக்கள் வேண்டுமென்றே குறைவான எண்ணைச் சொல்வது வழக்கம். 8 சொல்லி 12 வந்தால் 'எதிர்பார்ப்பைத் தாண்டிய வெற்றி' என்று தலைப்பு வரும். 13 சொல்லி 12 வந்தால் 'ஏமாற்றம்'. வசூல் அதே 12 தான், தலைப்பு மட்டும் தலைகீழ். அதனால் ரிலீஸுக்கு முன் செய்திகளில் பார்க்கும் எண்ணைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

ஃபிளாஷ் விஷயம் வேறு. அதற்கு ரிலீஸுக்கு முன் கிடைத்த பாராட்டுக்குக் குறைவே இல்லை. டிசி ஸ்டூடியோஸின் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கன்னே தலைசிறந்த சூப்பர் ஹீரோ படங்களில் ஒன்று என்ற அளவுக்குப் புகழ்ந்தார். ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நடந்த சினிமாகான் மாநாட்டில், தியேட்டர் முதலாளிகளுக்கு ஏழு வாரம் முன்பே படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மைக்கேல் கீட்டன் முப்பது வருஷம் கழித்து மறுபடி பேட்மேனாக வருகிறார் என்பது பெரிய கொக்கி.

ஆனால் சர்வேயில் கேள்வியாக வராத இரண்டு விஷயங்கள் இருந்தன. 2022-ல் சட்டச் சிக்கல்களில் சிக்கிய நாயக நடிகர் எஸ்ரா மில்லர் வழக்கமான பேட்டி, டிவி ஷோ எதிலும் இல்லை. படத்தின் முகமே புரொமோஷனில் காணோம். இன்னொன்று, அந்த வருஷம் ஜனவரி கடைசியிலேயே ஜேம்ஸ் கன் புது டிசி உலகத்துக்கான திட்டத்தை அறிவித்துவிட்டார். அதாவது இப்போது ஓடுகிற கதையுலகம் சீக்கிரமே மூடப்படும் என்பது ரசிகனுக்குத் தெரியும். கடை மூடப்போகிறது என்று போர்டு மாட்டிவிட்டு 'புது சரக்கு வந்திருக்கு' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? என் பார்வையில் படத்தின் கிராஃபிக்ஸ் குறைகளைவிட இதுதான் பெரிய அடி.

வியாழன் ராத்திரி சொன்ன பொய்

டிராக்கிங்குக்கு அடுத்த கருவி முன்பதிவு. ரிலீஸுக்கு முதல் நாள் புக்கிங் ஆப்பைத் திறந்து எத்தனை ஷோ நிரம்பியிருக்குன்னு எண்ணிப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஹாலிவுட்டில் அதையே முறைப்படி செய்கிறார்கள். அதோடு வியாழக்கிழமை மாலையே 'ப்ரீவ்யூ' காட்சிகள் தொடங்கிவிடும். அந்த வசூலைப் பார்த்து மூன்று நாள் வசூலைப் பெருக்கிக் கணக்கிடுவார்கள்.

பெருக்கலில் எந்த எண்ணை வைப்பது என்பதுதான் கேள்வி. 2022 அக்டோபரில் வந்த டிசியின் 'பிளாக் ஆடம்' ப்ரீவ்யூவில் 76 லட்சம் டாலர் எடுத்து, மூன்று நாளில் 6.7 கோடிக்குப் போனது. கிட்டத்தட்ட 8.8 மடங்கு. எட்டே மாதத்தில் அதே கம்பெனியிடமிருந்து ஃபிளாஷ். ப்ரீவ்யூ 97 லட்சம். அதே 8.8-ஐ வைத்துப் பெருக்கினால் 8.5 கோடி வர வேண்டும். வந்தது 5.5 கோடி, அதாவது 5.7 மடங்குதான்.

மடங்கு குறைவது ஒரு நோய்க்குறி. வியாழன் ராத்திரி வருகிறவர்கள் தீவிர ரசிகர்கள், எப்படியும் வந்தே தீருவார்கள். சனி மதியம் வருகிறவர்கள்தான் சாதாரண ஜனம், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற குடும்பம். முதல் கூட்டம் வந்து இரண்டாவது கூட்டம் வரவில்லை என்றால் மடங்கு படுத்துவிடும். ஸ்பைடர்வெர்ஸின் ப்ரீவ்யூ 1.73 கோடி. அதன் மடங்கு 7-ஐ ஒட்டி இருந்தது.

ஒரு கார்டு, ஒரு பென்சில்

இப்போது இரண்டாவது கேள்வி. ஓப்பனிங் முடிந்த பிறகு படம் எவ்வளவு நாள் தாங்கும்?

கோடம்பாக்கத்தில் 'மவுத் டாக்' என்று சொல்லும் அதே சமாச்சாரம்தான். இதை அளக்கும் பிரபலமான வழி 'சினிமாஸ்கோர்'. எட் மின்ட்ஸ் என்பவர் 1970-களின் கடைசியில் லாஸ் வேகாஸில் தொடங்கியது. விமர்சகர் சொல்வது இருக்கட்டும், டிக்கெட் வாங்கியவன் என்ன சொல்கிறான் என்பதுதான் அதன் அடிப்படை. முதல் நாள் இரவு தியேட்டர் வாசலில் பார்வையாளர்களிடம் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்வார்கள். 'ஏ பிளஸ்' தொடங்கி 'எஃப்' வரை.

இதைப் பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி படிக்கக்கூடாது. முதல் நாளே காசு கொடுத்து வந்தவர் படத்தைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையோடு வந்தவர். அவரே 'பி' போடுகிறார் என்றால், வீட்டில் உட்கார்ந்து யோசிப்பவனுக்கு அது அபாயச் சங்கு. ஃபிளாஷுக்குக் கிடைத்தது 'பி'. ஸ்பைடர்வெர்ஸுக்கும் எலமென்டலுக்கும் 'ஏ'.

விளைவு அடுத்த வாரமே தெரிந்தது. ஜூன் 23 தொடங்கிய வார இறுதியில் ஃபிளாஷின் வசூல் 72% சரிந்து 1.5 கோடியானது. எலமென்டல் 38% மட்டுமே இறங்கியது. நான்காவது வாரத்தில் இருந்த ஸ்பைடர்வெர்ஸ் மறுபடி முதலிடத்துக்கு ஏறி உட்கார்ந்தது! மூன்று வாரப் பழைய படம் முதலில், எலமென்டல் இரண்டாவது, ஃபிளாஷ் மூன்றாவது.

மொத்த வசூலை ஓப்பனிங்கால் வகுத்தால் வருவதை 'மல்டிபிளையர்' என்பார்கள். ஃபிளாஷுக்கு 2-க்கும் கொஞ்சம் கீழே. ஸ்பைடர்வெர்ஸுக்கு 3.2. எலமென்டலுக்கு 5.2. சூப்பர் ஹீரோ படங்களில் 3-ஐத் தாண்டினால் ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது, 2-ஐ ஒட்டி வந்தால் ரசிகர்கள் மட்டும் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 2016-ல் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' 16.6 கோடி ஓப்பனிங் எடுத்து 33 கோடியில் நின்றது. அடுத்த வருஷம் ஜூனில் 'வொண்டர் வுமன்' 10.3 கோடியில் தொடங்கி 41 கோடிக்குப் போனது. அதற்கும் ஆரம்ப டிராக்கிங் 6.5 கோடி அளவில்தான் சொன்னது.

கோடை ரிலீஸில் இது இன்னும் கூர்மையாகும். மே முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை ஹாலிவுட்டுக்கு சீசன். ஜூனில் பள்ளி விடுமுறை என்பதால் செவ்வாய், புதன்கூட நல்ல வசூல் வரும், மவுத் டாக் நல்லா இருந்தால். இல்லையென்றால் அடுத்த வாரம் இன்னொரு பெரிய படம் வரிசையில் நிற்கும். ஃபிளாஷுக்குப் பின்னாலேயே இந்தியானா ஜோன்ஸ், மிஷன் இம்பாசிபிள், அதற்கடுத்து ஜூலை 21-ல் 'பார்பி', 'ஓப்பன்ஹெய்மர்' ஜோடி. தியேட்டர்காரர் யாருக்காகவும் ஸ்கிரீனைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்.

கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?

'இதுக்கெல்லாம் ஏஐ இருக்கே' என்று நீங்கள் கேட்கலாம். முயற்சிகள் பழசுதான். 2010-ல் ஹெச்பி ஆய்வகத்தைச் சேர்ந்த இருவர், 24 படங்களைப் பற்றிய 28.9 லட்சம் ட்வீட்களை எடுத்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ட்வீட் என்ற ஒற்றைக் கணக்கை வைத்தே ஓப்பனிங்கைத் துல்லியமாகக் கணிக்க முடிந்தது என்று காட்டினார்கள். 2013-ல் வேறொரு குழு, 312 படங்களின் விக்கிபீடியா பக்கங்களை எத்தனை பேர் பார்க்கிறார்கள், திருத்துகிறார்கள் என்பதை வைத்து அதையே செய்தது.

இவை எல்லாமே கணிப்பது பெரும்பாலும் ஓப்பனிங்கைத்தான் என்பதைக் கவனியுங்கள். பரபரப்பை அளந்தால் பரபரப்புக்கு வரும் கூட்டம் தெரியும். ஆனால் படம் பார்த்துவிட்டு சனிக்கிழமை ராத்திரி ஒருவர் தன் தம்பிக்கு என்ன மெசேஜ் அனுப்புவார் என்பது, படம் பார்ப்பதற்கு முன் எந்த டேட்டாவிலும் இல்லை.

டேட்டா சயின்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு பிரச்னை உடனே பிடிபடும். கோடையில் வரும் சூப்பர் ஹீரோ படங்கள் வருஷத்துக்கு மூன்றோ நான்கோதான். இருபது வருஷத்தையும் சேர்த்தாலும் கற்றுக்கொடுக்க நூறு உதாரணம்கூடத் தேறாது. அதிலும் 2020-க்கு முந்தைய உலகம் வேறு. 'ஓடிடியில் வந்ததும் பார்த்துக்கலாம்' என்ற வழி அப்போது இவ்வளவு சுலபமாக இல்லை. பழைய டேட்டாவில் பயிற்சி பெற்ற மாடல், இல்லாமல் போன ஒரு ரசிகனைக் கணித்துக்கொண்டிருக்கும்.

வெங்காயமும் பாக்ஸ் ஆபிஸும்

இவ்வளவு பேர் கணிக்கிறார்களே, பந்தயம் கட்டினால் என்ன? அதுவும் நடந்தது. 1996-லேயே 'ஹாலிவுட் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்' என்று ஒரு விளையாட்டுச் சந்தை, பொய்ப் பணத்தில் வந்தது. 2010-ல் நிஜப் பணத்திலேயே வசூல் மீது முன்பேர வணிகம் நடத்த இரண்டு நிறுவனங்கள் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்திடம் அனுமதி வாங்கின. ஹாலிவுட் கொதித்துவிட்டது. ஒரு படம் தோற்கும் என்று ரிலீஸுக்கு முன்பே பலர் பணம் கட்டினால், அந்தச் செய்தியே படத்தைத் தோற்கடித்துவிடாதா என்பது அவர்கள் வாதம். அதே வருஷம் வந்த டாட்-ஃபிராங்க் நிதிச் சட்டத்தில் அதற்குத் தடை போட்டார்கள்.

அமெரிக்காவில் இப்படி முன்பேர வணிகம் தடை செய்யப்பட்ட இன்னொரு பொருள் வெங்காயம்! 1950-களில் இரண்டு வியாபாரிகள் சந்தையையே வளைத்துப் போட்டு விலையைச் சரித்ததால் 1958-ல் வந்த தடை அது. வெங்காயமும் சினிமாவும் ஒரே சட்டப் பட்டியலில் இருப்பதைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஸ்டூடியோக்களின் பயத்தில் விஷயம் இருக்கு. மழை வரும் என்று சொன்னால் மழைக்கு அது கேட்காது. படம் ஓடாது என்று சொன்னால் ஜனங்களுக்குக் கேட்கும்.

கணிப்பு நல்ல விதமாகவும் முடிவை மாற்றும். மூன்று வாரம் முன்பு 25 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் ஆர்வம் குறைவு என்று தெரிந்தால், மீதி விளம்பரப் பணத்தை அந்தப் பக்கம் திருப்பலாம், டிரெய்லரை வேறு மாதிரி வெட்டலாம். டிராக்கிங் கண்டுபிடிக்கப்பட்டதே இதற்குத்தான். ஆருடம் சொல்வது பிற்பாடு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

வசூல் வேற, லாபம் வேற

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் 'கிராஸ்', 'ஷேர்' என்று பிரித்துச் சொல்வதைப் போல அங்கேயும் வசூல் முழுக்க ஸ்டூடியோ கைக்கு வராது. அமெரிக்காவில் தோராயமாகப் பாதி, வெளிநாடுகளில் அதைவிடக் குறைவு, சீனாவில் கால்வாசிதான். ஃபிளாஷின் 27 கோடி உலக வசூலில் ஸ்டூடியோவுக்கு 12 கோடி தேறியிருந்தால் பெரிது. படம் எடுத்த செலவோ 20 கோடிக்கு மேல், விளம்பரம் தனி. எலமென்டலுக்கும் தியேட்டரில் பெரிய லாபம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'முடிந்தது கதை' என்று எழுதப்பட்ட இடத்திலிருந்து 50 கோடி வரை வந்தது சாதாரண விஷயமில்லை.

சரி, ஓப்பனிங் முடிந்து சினிமாஸ்கோரும் வந்துவிட்டால் மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாமா? 2025 ஜூலை அதையும் சோதித்துப் பார்த்தது. ஜூலை 11-ல் ஜேம்ஸ் கன்னின் 'சூப்பர்மேன்', 12.5 கோடி ஓப்பனிங். ஜூலை 25-ல் மார்வெலின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்', 11.8 கோடி ஓப்பனிங். இரண்டுக்கும் அதே 'ஏ மைனஸ்'. விமர்சகர்களும் இரண்டையும் நல்லபடியாகவே வரவேற்றார்கள்.

சூப்பர்மேன் இரண்டாவது வாரம் 54% அளவில் இறங்கி, மொத்தம் 35 கோடியைத் தாண்டியது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் 66% சரிந்து 27 கோடியில் நின்றது. ஒரே மதிப்பெண், இரண்டு வாரம் முன்பின் ரிலீஸ், கிட்டத்தட்ட ஒரே ஓப்பனிங், எட்டு கோடி டாலர் வித்தியாசம். ஏன் என்று கேட்டால் சூப்பர் ஹீரோ சலிப்பு என்பார் ஒருவர், மார்வெல் படம்னா வீட்டிலேயே பார்க்கப் பழகிட்டாங்க என்பார் இன்னொருவர், முதல் இரண்டு நாளிலேயே ரசிகர்கள் எல்லாரும் பார்த்து முடித்துவிட்டார்கள் என்பார் மூன்றாமவர். மூன்று பேரும் இதைச் சொன்னது ஆகஸ்டில்தான், ஜூலை 24-ல் யாரும் சொல்லவில்லை.